தானே ஓடும் நாடா

கிரேக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இளைஞர் உள்ளத்தில் முதலில் எழுவது சாக்ரடீசின் உருவம். கையில் நச்சுக் கிண்ணம், முகத்தில் அமைதி, சுற்றிலும் கண் கலங்கும் மாணவர்! 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜா ராணி' படத்தில், கலைஞர் மு. கருணாநிதி தீட்டிய உரையாடலைச் சிவாஜி கணேசன் சாக்ரடீசாக நின்று பேசிய நாடகக் காட்சி, ஏதென்ஸ் நகரத்தைத் தமிழகத்தின் சிற்றூர்க் கொட்டகை வரை கொண்டுவந்து சேர்த்தது. கேள்வி கேட்டவனைக் கொன்றுவிடலாம், கேள்வி சாகாது என்ற பாடத்தை அந்தக் காட்சி நமக்குக் கற்றுத் தந்தது. கி.மு. 399இல் எங்கோ நடந்த ஒரு வழக்கு நம் வீட்டு வழக்காயிற்று.

நல்லதே! ஆயினும் ஒரு நாட்டின் இரண்டு நூற்றாண்டு வாழ்வை ஒரு கிண்ணத்தில் அடக்கிவிட முடியாது. சாக்ரடீசைப் படித்தவர் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். அங்கே பிளாட்டோ இருக்கிறார். அதற்கடுத்து அரிஸ்டாட்டில் இருக்கிறார். அந்த அரிஸ்டாட்டில் எழுதிய 'அரசியல்' என்னும் நூலின் முதற்பகுதியில் ஓர் இடம் உண்டு. ஆரணியில் தறியோசை கேட்டு வளர்ந்த எவரும் அவ்விடத்தைக் கடந்து எளிதில் போய்விட முடியாது. ஏனெனில் அங்கே அறிஞர் பேசுவது நாடாவைப் பற்றி. பாவுக்குள் ஊடை நூலைச் சுமந்து, இக்கரைக்கும் அக்கரைக்கும் பாய்ந்து திரும்பும் நம் தறி நாடாவைப் பற்றி!

குடும்பம் நடத்தக் கருவிகள் வேண்டும் என்று தொடங்குகிறார் அவர். கருவிகளில் உயிரற்றவை உண்டு, உயிருள்ளவை உண்டு; அடிமை உயிருள்ள கருவி என்கிறார். ஒவ்வொரு கருவியும் ஏவியதும், அல்லது ஏவுமுன்பே குறிப்பறிந்து, தன் வேலையைத் தானே செய்து முடிக்குமானால், நாடா தானே ஓடி நெய்யுமானால், யாழை மீட்டும் கோல் தானே மீட்டுமானால், தலைமைக் கைவினைஞனுக்கு ஏவலாள் வேண்டியதில்லை, ஆண்டைக்கு அடிமை வேண்டியதில்லை என்பது அவர் கருத்து.

இந்த இடத்தை எந்திர உலகை முன்னறிந்த பெருங்கனவு என்று போற்றுவோர் உண்டு. காரல் மார்க்சும் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' நூலில் இக்கனவை நினைவு கூர்ந்தார். போற்றலாம், ஆனால் போற்றுதல் வேறு, ஆராய்தல் வேறு. நாம் இவ்விடத்தை இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க விரும்புகிறோம். ஒன்று, ஏதென்சில் அடிமை இருந்தது வேலையின் தேவையாலா, பிறப்பின் இயல்பாலா? இரண்டு, நாடா தானே ஓடத் தொடங்கிய பின் உண்மையில் என்ன நடந்தது? முதற்கேள்வியை அரிஸ்டாட்டிலிடமே கேட்போம். இரண்டாவதற்கு விடை சொல்ல ஆரணியையும் சான்றுக்கு அழைப்போம்.

விளக்கும் எண்ணெயும்

அக்காலத்தின் ஒளியை மறுப்பவர் யார்? கி.மு. 508இல் கிளைஸ்தெனிஸ் செய்த சீர்திருத்தம், குடிமக்கள் கூடி ஆளும் முறைக்கு ஏதென்சில் அடிக்கல் நாட்டியது. கி.மு. 490இல் மாரத்தான் களத்திலும், 480இல் சாலமிஸ் கடலிலும் பாரசீகப் பேரரசின் படைகள் தோற்றுத் திரும்பின. கி.மு. 447 முதல் 432 வரை பார்த்தினான் கோயில் எழுந்தது. கதிரவன் தேவன் அல்லன், எரியும் கல் என்று அனக்சகோரஸ் சொன்னார். உலகம் அணுக்களால் ஆனது என்று டெமாக்ரிடஸ் சொன்னார். தெய்வக் குற்றம் என்று ஊரார் அஞ்சிய வலிப்பு நோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே உடலில்தான் காரணம் உண்டு என்று ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் ஒன்று வாதாடியது. நம் ஊரில் இன்றும் வலிப்பு வந்தவரை மருத்துவமனைக்கு முன்னே மந்திரிப்பவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு. எனவே அந்த ஒளியின் அருமை நமக்குத் தெரியும்.

ஆனால் விளக்கு எரிய எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? ஏதென்சுக்குத் தெற்கே லாரியம் என்னுமிடத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. கி.மு. 483 அளவில் அங்கே கிடைத்த புதுவளத்தைக் கொண்டுதான் தெமிஸ்டாக்ளிஸ் போர்க்கப்பல்கள் கட்டச் செய்தார். அக்கப்பல்களே சாலமிசில் வென்றன. சுரங்கத்தின் அடியில் வெள்ளியை வெட்டியவர்கள் அடிமைகள். நிக்கியாஸ் என்ற செல்வர் ஆயிரம் அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்று செனபோன் எழுதுகிறார். ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் காசு வாடகை. எண்ணிக்கை குறையாமல் வைத்திருப்பது வாடகைக்கு எடுத்தவன் பொறுப்பு. அந்த நிபந்தனையை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். ஒருவன் செத்தால் இன்னொருவனை நிறுத்தவேண்டும் என்பதுதான் அதன் பொருள். மாட்டுக்கும் வண்டிக்கும் எழுதும் ஒப்பந்தம் மனிதனுக்கு எழுதப்பட்டது.

குடியாட்சி என்றோமே, அதில் குடி யார்? அடிமைக்கு வாக்கில்லை. பெண்ணுக்கு வாக்கில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர் தலைமுறை தலைமுறையாக வரி கட்டினாலும் வாக்கில்லை. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம், தாயும் தந்தையும் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன் என்று வேலியை இன்னும் உயர்த்தியது. அரிஸ்டாட்டிலே ஸ்டகிரா என்னும் ஊரிலிருந்து வந்தவர். ஏதென்சில் பள்ளி நடத்திய அந்தப் பேரறிஞருக்கு அந்நகரில் குடியுரிமை இல்லை! பிறப்பால் ஒதுக்கப்படுவது இன்னதென்று தம் வாழ்விலேயே அறிந்திருந்தவர், பிறப்பால் அடிமையானோர் உண்டு என்று எழுதினார். இதை எண்ணும்போதுதான் நம் நெஞ்சு கனக்கிறது.

உழைப்பைப் பற்றி அந்நகரத்துப் பெருமக்களின் எண்ணம் என்ன என்பதற்கு செனபோன் இன்னொரு நிகழ்ச்சியையும் எழுதி வைத்திருக்கிறார். போரினாலும் உள்நாட்டுக் கலகத்தினாலும் நிலைகுலைந்த காலத்தில், அரிஸ்டார்க்கஸ் என்பவர் வீட்டில் உறவுப் பெண்கள் பலர் வந்து தங்கினர். எல்லாருக்கும் சோறு போட வழியின்றி அவர் வாடினார். அப்பெண்களுக்குத்தான் நூற்கவும் நெய்யவும் தெரியுமே, கம்பளி வாங்கிக் கொடுத்து வேலை செய்யச் சொல்லலாமே என்றார் சாக்ரடீஸ். குடிப்பிறந்தவர்கள் கூலிக்கு நெய்வதா என்று தயங்கினார் வீட்டுக்காரர். குடிப்பிறந்தவர் என்பதனால் உண்பதும் உறங்குவதும் தவிர வேறொன்றும் செய்யக்கூடாதா என்று மடக்கினார் சாக்ரடீஸ். கடன் வாங்கிக் கம்பளி வந்தது, வேலை நடந்தது, வீட்டில் சிரிப்பு திரும்பியது. நச்சுக் கிண்ணத்துச் சாக்ரடீசை நாம் அறிவோம். தறிப்பக்கம் நின்று பேசிய இந்தச் சாக்ரடீசையும் அறிந்துகொள்வோம்.

அவர் வாதம் அவர்முன்

இனி அரிஸ்டாட்டிலின் வாதத்துக்கு வருவோம். நாடா தானே ஓடினால் அடிமை வேண்டாம் என்றவர், அடிமைத்தனத்துக்குக் காரணம் வேலையின் தேவை என்று ஒப்புக்கொண்டவராகிறார். அங்கேயே நின்றிருந்தால் நமக்கும் அவருக்கும் வழக்கில்லை. ஆனால் சில பக்கங்கள் கடந்ததும் பேச்சு மாறுகிறது. சிலர் ஆளப் பிறந்தவர், சிலர் ஆட்படப் பிறந்தவர். உடலுக்கு உயிர் எப்படியோ, விலங்குக்கு மனிதன் எப்படியோ, அப்படி அவனுக்கு இவன் தலைவன். இது இயற்கையின் ஏற்பாடு என்கிறார். தேவை என்று தொடங்கிய வழக்கு இயற்கை என்று முடிகிறது. கருவி கிடைக்கவில்லை என்பதற்காக ஒருவனைக் கருவியாக்கியவர்கள், பின்னர் அவன் கருவியாகவே பிறந்தான் என்று சான்றிதழ் எழுதினார்கள். தவறு நுழைந்த வாசல் இதுதான்.

இயற்கை என்றால் அடையாளம் வேண்டுமே! அதையும் அவர் நேர்மையாகத் தேடுகிறார். உழைப்புக்கேற்ற வலிய உடலை அடிமைக்கும், நிமிர்ந்த உடலைக் குடிமகனுக்கும் கொடுக்கத்தான் இயற்கை விரும்புகிறது என்று எழுதிய கையாலேயே, பல நேரங்களில் இது தலைகீழாக நடந்துவிடுகிறது என்றும் எழுதுகிறார். அடையாளம் பொய்க்கிறது என்பது அவர் வாக்குமூலம். அடையாளம் இல்லாத பொருளை இயற்கையின் பெயரில் நிலைநாட்டுவது எந்த அளவை நூலில் செல்லும்? அளவை நூலை வகுத்துக் கொடுத்தவரே அவர்தானே!

இன்னும் கேளுங்கள். அதே நூலின் பிற்பகுதியில், எல்லா அடிமைகளுக்கும் விடுதலையைப் பரிசாகக் காட்டி வைப்பது நல்லது என்கிறார். இயற்கையே ஒருவனை அடிமையாகப் படைத்திருந்தால் அவனுக்கு விடுதலை எப்படிப் பரிசாகும்? மீனுக்குக் கரையைப் பரிசளிப்பார் உண்டோ? தம் அறநூலில், அடிமையோடு அடிமை என்ற முறையில் நட்பு இயலாது, மனிதன் என்ற முறையில் இயலும் என்கிறார். அவருடைய இறுதி முறி என்று பண்டை நூல் ஒன்று காட்டும் ஏட்டில், தமக்கு ஏவல் செய்த பிள்ளைகளை விற்கக்கூடாது, உரிய வயது வந்ததும் தகுதி நோக்கி விடுவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு காணப்படுகிறது. அறிஞரின் நெஞ்சு ஒன்று சொல்ல, ஏடு வேறொன்று சொல்லிற்று. நெஞ்சு சொன்னதை ஏட்டில் ஏற்றும் துணிவு மட்டும் அவருக்கு வரவில்லை.

அந்தக் காலம் அப்படி, அவரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அளவுகோல் அந்தக் காலத்திலேயே இருந்தது! அடிமைத்தனம் இயற்கைக்கு மாறானது, மனிதர் செய்த கட்டளையால் வந்தது, வலிமையின்மேல் நிற்பதால் நீதியற்றது என்று சொல்வோர் இருந்தனர் என அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார். அல்கிடமாஸ் என்ற சொல்லாசிரியர், இயற்கை எவரையும் அடிமையாக்கவில்லை என்னும் கருத்தை வெளிப்படையாக எழுதியிருந்தார். எனவே எட்டாத உண்மையை எட்டவில்லை என்பது நம் குற்றச்சாட்டன்று. காதருகே ஒலித்த உண்மையை மறுக்க ஒரு நூலின் முதற்பகுதியைச் செலவிட்டார் என்பதே நம் குற்றச்சாட்டு.

ஏடுகள் இருக்கட்டும், நிகழ்ச்சிகள் என்ன சொல்லின? கி.மு. 413இல் ஸ்பார்ட்டாப் படை ஏதென்சுக்கு அருகே டெசிலியா என்ற இடத்தில் கோட்டை கட்டி அமர்ந்தது. அதன் பின்னர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்சை விட்டு ஓடிப்போயினர். அவர்களில் பெரும்பகுதியினர் கைவினைஞர் என்று துசிடிடீஸ் வரலாற்றில் எழுதினார். ஆட்படவே பிறந்தவர்கள் வாசல் திறந்ததும் ஓடுவானேன்? அந்த இருபதாயிரம் பேரின் கால்கள் எழுதிய மறுப்புரை, அரிஸ்டாட்டில் பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மண்ணில் எழுதப்பட்டுவிட்டது.

அவர் சிறுவராயிருந்தபோது இன்னொன்றும் நடந்தது. ஸ்பார்ட்டாவுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்பட்டு உழுது கொட்டிய மெசீனிய மக்களைக் கி.மு. 369 அளவில் தீப்ஸ் நகரத் தலைவர் எபாமினாண்டஸ் விடுவித்தார். விடுபட்டவர்கள் சிதறி அழியவில்லை. மெசீன் என்ற நகரைக் கட்டி, மதில் எழுப்பி, தம்மைத் தாமே ஆண்டனர். அந்த மதிலின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. கி.மு. 409ஐ ஒட்டி ஏதென்சில் எரெக்தியான் கோயில் கட்டியபோது பொறித்த கணக்குக் கல்வெட்டைப் பாருங்கள். குடிமகனும் குடியேறியவரும் அடிமையும் ஒரே தூணில் உளி பிடித்தனர்; ஒரே கூலி எழுதப்பட்டது. அடிமையின் கூலி ஆண்டையின் பைக்குப் போனது. ஆனால் எந்தக் கோட்டை எவன் செதுக்கினான் என்று தூண் சொல்லாது. இயற்கை வேறுபாடு காட்டவில்லை. கணக்குப் பிள்ளைதான் காட்டினான்.

நம் பக்கத்து ஏடு

கிரேக்கனை இவ்வளவு கேட்டோம். நம் நாட்டை விட்டுவிடலாமா? விட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்லர். பக்கத்து வீட்டுக் குப்பையை மட்டும் எண்ணுபவர் ஆவோம்.

பிளாட்டோ தம் 'குடியரசு' நூலில், கடவுள் சிலரைப் பொன் கலந்தும் சிலரை வெள்ளி கலந்தும் சிலரை இரும்பும் வெண்கலமும் கலந்தும் படைத்தார் என்றொரு கதையை மக்களுக்குச் சொல்லிவைக்கலாம் என்கிறார். அது புனைந்த கதை என்பதை அவரே மறைக்கவில்லை. இரும்பு வயிற்றில் பொன் பிறந்தால் மேலே உயர்த்த வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இங்கேயும் முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கதை உண்டு. ஆனால் இங்கே அது கதை என்று சொல்லப்படவில்லை. வேதம் என்று சொல்லப்பட்டது. மேலே ஏறும் படியும் வைக்கப்படவில்லை. ஆண்டை விடுவித்தாலும் சூத்திரனுக்கு அடிமைத்தொழிலிலிருந்து விடுதலை இல்லை, அது அவன் பிறவியோடு ஒட்டியது என்று மனு நூலின் எட்டாம் அதிகாரம் விதிக்கிறது. அரிஸ்டாட்டில் கதவைச் சாத்தினார், ஆனால் தாழைத் திறந்து வைத்தார். மனுவோ தாழிட்டுச் சுவரும் எழுப்பினார்.

கி.மு. 300ஐ ஒட்டி மெகஸ்தனிஸ் என்னும் கிரேக்கத் தூதர் பாடலிபுத்திரம் வந்தார். இந்தியரிடையே அடிமைகளே இல்லை என்று வியந்து எழுதினார். அதே மெகஸ்தனிஸ், இந்நாட்டு மக்கள் ஏழு பிரிவினர் என்றும், ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவில் மணம் செய்ய முடியாது, ஒரு தொழிலை விட்டு மற்றொரு தொழிலுக்குப் போக முடியாது என்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். சந்தையில் விலை கூறி விற்பதுதான் அடிமைத்தனம் என்று பழகிய கண்ணுக்கு, சந்தையில்லாத அடிமைத்தனம் தெரியவில்லை. சங்கிலியைத் தேடினார், காணவில்லை. பிறப்பே சங்கிலியாக இருந்ததை எழுதிவிட்டு, அதுதான் சங்கிலி என்று அறியாமல் போனார்.

அப்போது தமிழகம் என்ன நிலையில் இருந்தது? முன்பெல்லாம் இக்கேள்விக்கு இலக்கியம் ஒன்றுதான் விடை. இன்று மண்ணும் விடை சொல்கிறது. வைகைக் கரையில் கீழடியில் 2014–15ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்று கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று 2019இல் வெளியான அறிக்கை தெரிவித்தது. பழனிக்கு அருகே பொருந்தலில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. மாரத்தான் போர் நடந்த அதே ஆண்டு! கீழடியில் நூல் நூற்கும் தக்கிளிகள் கிடைத்தன. கூரிய எலும்புக் கருவிகள் கிடைத்தன. செம்பு ஊசி கிடைத்தது. ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. ஏதென்சில் ஒரு பெண் கம்பளி நூற்ற காலத்தில் இங்கே ஒரு கை தக்கிளி சுழற்றியிருக்கக்கூடும் என்று எண்ணும்போது நமக்கும் தோள் பூரிக்கிறது.

பூரிக்கட்டும்; ஆனால் அறிவு உறங்கக் கூடாது. ஒரு மண்ணடுக்கின் காலம் அவ்வூரில் கிடைத்த எல்லாப் பொருளின் காலமும் ஆகிவிடாது. பானையில் பெயர் எழுதியவன் எழுத்தறிந்தவன் என்று தக்க காரணத்தோடு சொல்லலாம். எல்லாரும் எழுத்தறிந்திருந்தனர் என்று சொல்ல ஓடு போதாது. தக்கிளி நூற்றதைச் சொல்லும். நூற்றவளுக்குக் கிடைத்த கூலியைச் சொல்லாது. அங்கே ஏற்றத்தாழ்வே இல்லை, எல்லாரும் சமமாக வாழ்ந்தனர் என்று மேடையில் அடித்துப் பேசுவோர், மெகஸ்தனிஸ் செய்த பிழையையே தமிழில் செய்கின்றனர். கிரேக்கப் பெருமை பேசுவோனிடம் லாரியம் சுரங்கத்தைக் காட்டிக் கேட்கும் நாம், நம் பெருமையிடமும் அதே கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். யார் நெய்தார்? யார் உடுத்தினார்? இந்தக் கேள்விக்கு நடுங்காத பெருமையே நிற்கும் பெருமை.

நாடா ஓடியது, பின்?

இனி இரண்டாவது கேள்வி. அரிஸ்டாட்டில் கண்ட கனவு பலித்ததா? பலித்தது. 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர், கயிற்றை இழுத்தால் நாடா தானே பாயும் அமைப்பைக் கண்டார். 1785இல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமம் பெற்றார். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையையும் கருவியே செய்யும்படி ஆக்கினார். அவர் பெயர் தாங்கிய பெட்டி இன்று ஆரணித் தறிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. நாடா ஓடியது, நெய்தது. அடிமை விடுதலை பெற்றானா?

நடந்தது நேர்மாறு. தானே ஓடும் நாடாவுக்குத் தீனியாகப் பஞ்சு வேண்டியிருந்தது. 1793இல் அமெரிக்காவில் எலி விட்னி பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறியையும் செய்து கொடுத்தார். பஞ்சுத் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களில் அடிமைகள் பெருகினர். 1790இல் அமெரிக்காவில் அடிமைகள் ஏழு இலட்சம். 1860இல் ஏறத்தாழ நாற்பது இலட்சம்! கருவி வந்தால் அடிமை வேண்டாம் என்றார் அறிஞர். கருவி வந்தது, அடிமை ஐந்து மடங்கானான். 1865இல் அங்கே அடிமைத்தனத்தை ஒழித்தவை ஒரு போரும், ஒரு சட்டமும், அடிமைகளே நடத்திய போராட்டமும். கருவி அதைச் செய்யவில்லை. கருவி எவர் கையில் இருக்கிறது, பிறப்பைப் பற்றி அந்தக் கை என்ன எண்ணுகிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

ஆரணிக்கு வருவோம். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இவ்வூரின் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறியில் மூன்று நாடா ஓட வேண்டும். கரை நாடாவை மறுபுறமிருந்து தள்ள இன்னொரு கை வேண்டும். நெடுங்காலமாக அந்த இன்னொரு கை பிள்ளையின் கையாகவே இருந்தது. முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளையைத் தறிக்கு அனுப்பும் வழக்கம் பட்டுநெசவு ஊர்களில் இருந்தது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பின்னும், 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் உள்ளிட்ட இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்குக் கட்டுண்ட குழந்தைகளைக் கண்டு எழுதிற்று. இங்கே சந்தையில் விலை கூறவில்லை. கணக்கேட்டில் முன்பணம் என்று எழுதினார்கள். மெகஸ்தனிஸ் மறுபடி வந்திருந்தாலும் இங்கே அடிமைகள் இல்லை என்றே எழுதியிருப்பார்.

விசைத்தறி வந்தது. அது கைத்தறியாளரின் முதுகு வலியைத் தீர்த்ததா? 1985இல் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. நாடா தானே ஓடுவதிலிருந்து நெசவாளனைக் காக்கச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், ஓடிய நாடா யாருக்காக ஓடியது? 2019–20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 இலட்சம் பேர் இத்தொழிலில் இருப்பதாகவும், அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்றும், நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூட ஈட்டவில்லை என்றும் காட்டிற்று. மணமேடையில் மின்னும் பட்டின் பின்னே நிற்கும் கணக்கு இது.

இந்தக் கணக்கை இயற்கை என்று நம்பச் செய்யும் முயற்சியும் நம் மண்ணில் நடந்ததுண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி அரசு, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் அரைநாள் படித்தால் போதும், எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. இருக்கும் பள்ளியிலேயே இருமுறை வகுப்பு நடத்தி மேலும் பல பிள்ளைகளைச் சேர்க்கலாம், கைத்தொழிலுக்கு மதிப்பு வரும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். கைத்தொழிலுக்கு மதிப்பு வேண்டியதுதான். ஆனால் வழக்கறிஞர் மகன் தார் சுற்றக் கற்கும் ஏற்பாடு அதில் இல்லை. நெசவாளி மகன்தான் தறிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆகவேதான் திராவிட இயக்கம் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டுப் போராடிற்று. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அன்று அது நிலைத்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுதும் நாமும், படிக்கும் நீங்களும், எந்தத் தறிக்குழியில் கால் நுழைத்து உட்கார்ந்திருப்போமோ!

நம் வகுப்பறையில், வீட்டுக்குப் போனதும் தாய்க்குத் துணையாகத் தார் சுற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கில் அவர்கள் காட்டும் விரைவையும், கேள்வி கேட்பதில் அவர்கள் காட்டும் துணிவையும் நாள்தோறும் பார்க்கிறோம். இன்ன பிள்ளை தறிக்கென்றே பிறந்தது என்ற முத்திரையை எந்த நெற்றியிலும் இதுவரை நாம் கண்டதில்லை. அரிஸ்டாட்டில் தேடிக் காணாத அடையாளத்தை ஆரணியிலும் காண முடியாது. நெசவை விரும்பி ஒரு பிள்ளை தேர்ந்தெடுக்குமானால் அது கலை; வேறு வழியின்றி அதில் தள்ளப்படுமானால் அது விலங்கு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவின் பெயர்தான் கல்வி.

அப்படியானால் அரிஸ்டாட்டிலைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. பழைய ஏட்டைக் கண்டு கும்பிடுவது மடமை. காணாமலே கொளுத்துவது சோம்பல். மீனையும் நண்டையும் அறுத்துப் பார்த்து எழுதியவர், அரசமைப்புகளைத் திரட்டி ஒப்பிட்டவர், எதிர்ப்பக்கத்து வாதத்தையும் மறைக்காமல் ஏட்டில் வைத்தவர் அவர். அந்த நேர்மை இருந்ததால்தான் அவர் நூலைக் கொண்டே அவரை மறுக்க நம்மால் முடிந்தது. தன்னை மறுப்பதற்கான கருவியைத் தானே கொடுக்கும் நூல் படிக்கத் தக்க நூல். மறுத்தால் நாவை அறுப்பேன், நரகில் தள்ளுவேன் என்னும் நூலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர்கள் உணரவேண்டும்.

எனவே, தோழர்களே, கிரேக்கத்தைப் படியுங்கள். படிப்பகத்தில் சாக்ரடீசின் படத்துக்குக் கீழே அமர்ந்து அரிஸ்டாட்டிலையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மாரத்தானைப் படிக்கும்போது லாரியத்தையும், கீழடியைப் பார்க்கும்போது அந்தத் தக்கிளியைச் சுழற்றிய பெயரில்லாத கையையும் எண்ணுங்கள். எந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எவர் சொன்னாலும், அந்தப் பொன்னை வெட்டியவன் யார், அவனுக்கு அதில் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். புதிய புதிய கருவிகள் வருகின்றன. நாளை நெசவு மட்டுமன்றி எழுத்தும் கணக்கும்கூடத் தாமே ஓடும் என்கிறார்கள். ஓடட்டும்! நாடா தானே ஓடுவதால் மட்டும் எவனும் விடுதலை பெற்றதில்லை. பிறப்பால் ஒருவனும் எவனுக்கும் கருவியல்லன் என்பதைச் சட்டத்திலும் பள்ளியிலும் கூலியிலும் நாம் நிலைநாட்டும் நாளில்தான், ஓடும் நாடா நெசவாளனுக்காகவும் ஓடும்.